நாலும் ஒன்பதும்

1

இந்தக் கதை முதலில் ஒரு பேச்சாக இருந்தது. பாராளுமன்றத்தில் வாசிப்பதற்காக இன்னொருவருக்கு நான் எழுதிக் கொடுத்த பேச்சு. அதை முடித்து அனுப்பிவிட்டேன். அதில் போட முடியாதவை என்னிடமே தங்கிவிட்டன. இரண்டு வாரமாக அவற்றோடுதான் சோறு வடிக்கிறேன், அவற்றோடுதான் பஸ்ஸில் போகிறேன். யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். ஆகவே உங்களிடம்.

முன்னாள் உறுப்பினர் ஒருவர் இறந்தால் பாராளுமன்றம் அவருக்காக அனுதாபப் பிரேரணை கொண்டுவரும். உடனே அல்ல. மாதங்கள் போகும், சில வேளை ஆண்டுகளும் போகும். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஒன்றில், முக்கால்வாசிக் கதிரைகள் காலியாகக் கிடக்கும்போது, அவரை அறிந்த இரண்டு மூன்று பேர் எழுந்து பேசுவார்கள். பேசியது ஹன்சாட் என்னும் சபை அறிக்கையில் அச்சாகும். அந்தப் பிரதியைக் குடும்பத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

இறந்தவர் இராசமாணிக்கம். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து ஒரு தடவை பாராளுமன்றம் போனவர். பேச இருந்தவர் யஹ்யா ஹாஜியார், மாத்தளையின் இன்றைய உறுப்பினர்களில் ஒருவர். இருவரும் ஒரே கட்சியில் கால் நூற்றாண்டு சேர்ந்து திரிந்தவர்கள். சபையில் எப்போதும் சிங்களத்தில் பேசுகிற ஹாஜியார் இதை மட்டும் தமிழில் பேச வேண்டும் என்றாராம். நான் இதே ஊரில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள், கதையும் எழுதுகிறவள். அவருடைய செயலாளர் ஸப்ரி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டீச்சர், எட்டு நிமிசம். கண்ணீர் கொஞ்சம் இருக்கட்டும், கூடவும் வாணாம். ஹாஜியாருக்கு பிரசர்."

"எப்ப வேணும்?"

"நேத்தே வேணும்."

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். தலைப்பில் உள்ள இலக்கங்களையும் மாற்றியிருக்கிறேன். ஹன்சாட்டில் தேடிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.)

2

பேச்சுக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்:

கௌரவ தலைமைதாங்கும் உறுப்பினர் அவர்களே, மலையகம் ஈன்றெடுத்த மாணிக்கமாம்

இதற்கு மேல் போகவில்லை. இந்த வரியை அவருடைய மரண வீட்டுப் பதாகையிலேயே போட்டிருந்தார்கள். மழையில் நனைந்து சாயம் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்:

எல்கடுவவுக்கு ஏறும் வளைவுகளில் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது அந்த வேன்

இதுவும் பொய். அந்த வேன் நின்ற பின்னேரத்தில் வெயில் அடித்தது என்று அதற்குள் இருந்தவரே என்னிடம் சொன்னார். மலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் பேனை தானாகவே பனியை இறக்கிவிடுகிறது. வெயிலில் நடந்ததை வெயிலில்தான் எழுத வேண்டும். எனக்கு அது பயமாக இருக்கிறது. வெயிலில் எல்லார் முகமும் தெரியும்.

3

வெளியூர் வாசகருக்காக ஒரு சிறு விளக்கம். எங்கள் தேர்தலில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட வேண்டும். பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் விரும்பிய இலக்கங்களுக்கு மூன்று புள்ளடி வரை போடலாம். இதை விருப்பு வாக்கு என்பார்கள். ஒரே கட்சிக்காரர்கள் மேடையில் தோளோடு தோள் நிற்பார்கள். எண்ணும்போது ஒருவரை ஒருவர் முந்த வேண்டும்.

இலக்கம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். இந்தக் கதைக்கு வேண்டியது அவர்கள் சேர்ந்து நின்ற இரண்டாம் தேர்தல். அதில் யஹ்யாவுக்கு நாலு, இராசமாணிக்கத்துக்கு ஒன்பது. நகரத்து முஸ்லிம்கள் நாலுக்குப் போட்டுவிட்டு ஒன்பதுக்கும் போடுவது, தோட்டத்துத் தமிழர் ஒன்பதுக்குப் போட்டுவிட்டு நாலுக்கும் போடுவது. இதுதான் ஒப்பந்தம். எழுதி வைத்ததல்ல, வாய்ப்பேச்சு. முதல் தேர்தலில் இரண்டு பேரும் வென்றது இப்படித்தான். தனித்தனியாக நின்றால் இரண்டு பேருமே வீட்டுக்குப் போக வேண்டிய மாவட்டம் இது. ஆனால் ஒரு பக்கத்தார் தங்கள் ஆளுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால், அந்த ஆள் மேலே போவார், மற்றவர் கீழே போவார்.

வாக்களிப்பு நாள் காலை. கொங்காவெலயில் என் பக்கத்து வீட்டு ஜெஸ்லா தாத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். (எங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்.)

"புள்ள, ஒண்டு மட்டும் போடட்டாம். நாலு மட்டும்."

"ஆரு சொன்ன?"

"ஆரு சொன்ன எண்டு கேக்கிற விசயமா இது?" என்று சிரித்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனார்.

யஹ்யா வென்றார். இராசமாணிக்கம் ஒரு கைப்பிடி வாக்கில் தோற்றார். அதன் பிறகு அவர் தேர்தலில் நிற்கவே இல்லை.

(நான் என்ன போட்டேன்? அது இரகசிய வாக்கு. சட்டம் எனக்குத் தந்திருக்கும் உரிமை.)

4

தகவல் எடுப்பதற்காக ஹாஜியாரின் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தில் சாய்ந்த கதிரையில் இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பேச்சில் முக்கியமாகச் சேர்க்க வேண்டியது என்று லக்கல பஸ்ஸைச் சொன்னார். இராசமாணிக்கம் உறுப்பினராக இருந்தபோது இரத்தோட்டை வழியாக மலை ஏறி லக்கலைக்கு இறங்கும் பஸ் ஒன்றைப் போராடி எடுத்துக் கொடுத்தவர்.

"அங்க அவனுக்கு ஒரு வோட்டு இல்ல டீச்சர். முழுக்கச் சிங்கள ஆக்கள். ஏன்டா இந்தப் பாடுபடுறாய் எண்டு கேட்ட. 'நானா, பொழுது பட்டா யான வருது, புள்ளைங்க ஸ்கூல் விட்டு நடந்து போகுது'ண்டான். அவ்வளவுதான் காரணம்."

எழுதிக்கொண்டேன். ஸப்ரியைத் தேத்தண்ணி சொல்லிவிட்டு வரும்படி உள்ளே அனுப்பினார். அவன் உள்ளே மறையும்வரை பார்த்திருந்தார்.

"இனிச் சொல்றதையும் எழுதுங்க. மாணிக்கத்தத் தோக்கடிச்ச நான்தான்."

நான் பேனையை எடுத்துவிட்டேன். எடுத்தது எழுதுவதற்கா, மூடுவதற்கா என்று இப்போதும் தெரியவில்லை.

"கடைசிப் பின்னேரம் எங்கட ஆக்கள் வந்து கேட்ட. 'நானா, ஒண்டா ரெண்டா?' எண்டு. நான் கோப்பய எடுத்துத் தேத்தண்ணி குடிச்ச."

"ஒண்டும் சொல்லல்லயா?"

"சொல்லல்ல. அதத்தான் சொல்றேன். ரெண்டு எண்டு ஒரு சொல்லு. அதச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. அவங்களுக்கு அது போதும்."

முடிவு வந்த அன்று பின்னேரமே இராசமாணிக்கம் பூமாலையோடு வாழ்த்த வந்துவிட்டாராம். ஹாஜியார் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாராம். மனைவி இரண்டு தரம் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். கடைசியில் வெளியே வந்தபோது இராசமாணிக்கம் மாலையைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார். "மன்னிச்சுக்குங்க நானா, வர லேட்டாயிருச்சு" என்றார்.

"நான் கேக்க வேண்டிய சொல்ல அவன் கேக்கிறான், டீச்சர். எனக்கு ஏலாமப் போயிட்டு."

பிறகு ஹஜ். எங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போகுமுன் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார்கள். அறிந்தோ அறியாமலோ ஏதாவது செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. எதை என்று அவர்கள் சொல்வதில்லை. எதை என்று யாரும் கேட்பதுமில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. தேத்தண்ணி வரும், வட்டிலப்பம் வரும், கைகுலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஹாஜியார் இரத்தோட்டைக்கும் போயிருக்கிறார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனாராம். போய், எல்லாரிடமும் சொன்ன அதே வசனத்தைச் சொல்லியிருக்கிறார். இராசமாணிக்கம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் நானா என்னையப் பொறுத்துக்கணும்" என்றாராம்.

"மரியாதைக்குச் சொல்றான் எண்டு நினச்ச. எவ்வளவு பெரிய மனம் எண்டு நினச்ச. அதுக்குப் பொறகு எப்பிடிச் சொல்ற?"

ஸப்ரி தேத்தண்ணித் தட்டோடு வரும் சத்தம் கேட்டது. ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார்.

"மனுசனுக்குச் செஞ்ச அநியாயத்த அந்த மனுசன் பொறுக்காம அல்லாஹ்வும் பொறுக்க மாட்டான். அவன் போயிட்டான். இனி அவன்ட பொஞ்சாதி பொறுக்கணும். முகத்தப் பாத்துக் கேக்க எனக்கு ஏலா. சபையில சொன்னா புத்தகமாப் போகும். அவ வாசிச்சுப் பொறுக்கட்டும். நானும் எத்தின நாளைக்கு இருக்கப் போற?"

5

யஹ்யா என்ற பாத்திரத்தை நான் சந்தேகித்தேன். எழுத்தாளருக்கு இது ஒரு நோய்.

அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். இழக்க ஒன்றும் இல்லாதபோது சொல்லும் உண்மைக்கு எவ்வளவு எடை? சபையில் கண்கலங்கினால் மறுநாள் எல்லாரும் பகிர்வார்கள். 'இப்படியும் ஓர் அரசியல்வாதியா' என்று எழுதுவார்கள். அவருக்கு அது பிடிக்காமல் இருக்குமா?

இப்படியெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஆனால் அவருடைய வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் கால்களோடுதான் கிழமைக்கு ஒரு தடவை இராசமாணிக்கத்தைத் தன் வாகனத்தில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார், சிறுநீரக வருத்தத்துக்கு இரத்தம் சுத்திகரிப்பதற்கு. சாரதியை மட்டும் அனுப்பியிருக்கலாம். கூடவே போனார், அவர் சாகும்வரை. குற்ற உணர்வுதான் அவரைக் கூட்டிப் போனது என்று எழுதி, பிறகு நட்பு என்று மாற்றினேன். பிறகு இரண்டையும் வெட்டினேன். அந்த இடத்தில் எந்தச் சொல்லும் நிற்கவில்லை, காலியாகவே விட்டிருக்கிறேன்:

ஒவ்வொரு கிழமையும் அவரை நண்பரோடு அனுப்பிவைத்தது            .

6

இராசமாணிக்கத்தின் மனைவி பரிமளம் இரத்தோட்டையில் இருக்கிறார். பிறந்த திகதி, படித்த பாடசாலை போன்ற தகவல்களைக் கேட்கப் போனேன். வேறு ஒன்றுக்கும் அல்ல. ஹாஜியார் சொன்னதை நான் வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை என்று பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

"சீனி போடவா டீச்சர், இல்ல நீங்களும் நம்ம சீனி வருத்த ஜாதிதானா? எங்க வீட்டுல சீனி போத்தல எறும்புக்குத்தான் வச்சிருக்கேன்."

"கொஞ்சம் போடுங்க அக்கா."

சிரித்துக்கொண்டே போட்டார். தகவல்களையெல்லாம் சொன்னார். பிறகு எதிரே வந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"ஒன்னு கேக்கவா? அந்தப் பேச்சுல விசுவாசம், தியாகம், துரோகம், அந்த மாதிரிச் சொல்லு எதுவும் போட்டுடாதீங்க."

"ஏன் அக்கா?"

"அவரு தாங்க மாட்டாரு."

செத்தவரைப் பற்றி அவர் எதிர்கால வினையில் பேசியதைக் கவனித்தேன். எழுத்தாளராக மனதில் குறித்தும் கொண்டேன். அடுத்த நிமிடமே அதற்காக வெட்கப்பட்டேன். ஏனென்றால் அவர் தொடர்ந்து இதைச் சொன்னார்:

"வோட்டுப் போடுறதுக்கு முந்துன நாளு, பொழுது சாய எல்கடுவைக்குப் போனோம். நல்ல வெயிலு. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டு வந்தவங்க எல்லாம் லயத்து வாசல்ல நின்னாங்க. பேசி முடிச்சு வேன்ல ஏறப் போறப்ப ஒரு ஆளு கேட்டாரு, 'ஐயா, ஒம்பதுக்குப் போட்டுட்டு நாலுக்கும் போடணுமா?'ன்னு. இவரு ஒத்தக் கால வேன்ல வச்சிருந்தாரு. திரும்பி, ஒத்த வெரலக் காட்டுனாரு. இப்பிடி."

பரிமளம் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டினார். மோதிரம் இல்லாத, மெலிந்த விரல்.

"வாயத் தொறக்கல. வெரல மட்டும்தான். நான் உள்ளுக்கு உக்காந்திருந்தேன். வெளிய பாக்குற மாதிரி இருந்துட்டேன்."

என் கையில் கோப்பை இருந்தது. ஒரு மிடறு குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் இப்படிக் குடித்த கதை நினைவுக்கு வந்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"தோத்த அன்னிக்கி மாலைய வாங்கிக்கிட்டு ஓடுனாரே, வாழ்த்தவா ஓடுனாரு? யாராச்சும் நானாகிட்டச் சொல்லிப்புட்டாங்களான்னு மொகத்தப் பாக்க ஓடுனாரு. நானா ரொம்ப நேரம் வெளிய வரலயாம். இவருக்கு வேத்துக் கொட்டிருச்சாம். 'தெரிஞ்சிருச்சு பரிமளம், அதான் வரலைன்னு நெனச்சேன்'னாரு. அப்புறம் நானா வந்து கட்டிப் புடிச்சு அழுதாராம். 'நானா மனசு தங்கம்'னு வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதாரு."

கிழமைக்கு ஒரு தடவை கண்டிக்குப் போகும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்புவாராம்.

"வந்தப்புறம், 'நானா தூங்கிட்டாரு'ம்பாரு. இன்னொரு நாளு, 'ட்ரைவர் இருந்தாப்ல'ம்பாரு. ட்ரைவர் இல்லாம வேன் தானா ஓடுமான்னு கேட்டேன். சிரிச்சாரு. அதோட சரி."

"ஹஜ்ஜுக்கு முந்தி ஹாஜியார் வந்தாரே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் எனக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

"வந்தாரு. பொறுத்துக்கன்னு கேட்டாரு. ஒரு தப்பும் செய்யாத மனுசன் நம்ம வாசல்ல வந்து கைய நீட்டுறாரு. இவரு அன்னிக்கிச் சோறு திங்கல."

பிறகு, எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்:

"நானாவுக்கு இது தெரிய வேணாம். வெள்ளிக்கெழம தொழுதுட்டு போன் பண்ணுவாரு. 'எப்பிடி பரிமளம்'பாரு. அவரு போனப்புறம் இந்த வீட்டுக்கு வர்ற போனு அது ஒன்னுதான். அது நின்னுறக் கூடாது. ஆனா அந்தப் புஸ்தகம் வரும்ல? அதை சாமி ரூம்புல அப்பா படத்துக்குக் கீழ வைக்கணும்னு எம் மகன் சொல்றான். அதுல இவரத் தூக்கி வச்சு எழுதியிருந்தா, அந்தப் பொய்ய நான் எப்பிடி டீச்சர் வெளக்கேத்திக் கும்புடுவேன்?"

[குறிப்பு: இந்த இடத்தில், தோற்ற பிறகு எடுத்த படங்களிலெல்லாம் இராசமாணிக்கம் சுட்டுவிரலை மடக்கியே வைத்திருந்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. நான் கட்டியது. நீக்கிவிட்டேன்.]

7

இப்போது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒரே பின்னேரத்தில் நகரத்தில் ஒருவர் வாய் திறக்காமலும் மலையில் மற்றவர் விரலை உயர்த்தியும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். வென்றவர், தான் நல்லவன் ஒருவனை விழுத்தியதாக நினைத்துக்கொண்டு வாழ்கிறார். தோற்றவர், தான் நல்லவன் ஒருவனை விழுத்தப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு செத்துப்போனார்.

பரிமளத்தையும் சந்தேகித்தேன். தன் கணவர் ஏமாந்தவராக அறியப்படுவதை விட ஏமாற்றியவராக அறியப்படுவது மேல் என்று அவரே இதைக் கட்டியிருந்தால்? ஏமாந்தவரைப் பார்த்து ஊர் இரக்கப்படும். சில பெண்களுக்கு இரக்கத்தை விடப் பழி இலகு. எனக்கு அப்படித்தான். இப்படி யோசித்துக்கொண்டு போனபோதுதான் ஒன்று விளங்கியது. ஹாஜியார் செய்தது பரிமளத்துக்குத் தெரியாது. ஏமாந்த கதையே அவர் கேள்விப்பட்டதில்லை. அதை மறைக்க இன்னொன்றைக் கட்ட வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. என் சந்தேகம் என்னைப் பற்றியதுதான்.

ஹாஜியார் கேட்டதை எழுதினால், இராசமாணிக்கம் ஹன்சாட்டில் காலாகாலத்துக்கும் ஒரு அப்பாவி ஆகிவிடுவார். பரிமளம் அந்தப் பொய்க்கு விளக்கேற்ற வேண்டும். போதாததற்கு, தானும் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவரை மன்னிக்கவும் வேண்டும். எழுதாவிட்டால், ஹாஜியார் அந்தக் கால்களோடு இதையும் இழுத்துக்கொண்டு போவார். பரிமளம் சொன்னதை ஹாஜியாருக்குச் சொன்னால் அவர் ஒரு நொடியில் இலேசாகிவிடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வருமா?

இரண்டு பேரும் என்னை நம்பிச் சொன்னார்கள். நான் கதை எழுதுகிறவள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் படிக்கும் இந்தத் தாளே நான் யாரைக் காப்பாற்றினேன் என்பதற்கான

விடுங்கள்.

8

வியாழக்கிழமை காலை பேச்சை முடித்தேன். லக்கல பஸ் இருந்தது. யானை இருந்தது. விசுவாசம், தியாகம் இல்லை. தேர்தலைப் பற்றி இரண்டே இரண்டு வசனம்:

"அரசியல் எங்களை ஒரே பட்டியலில் நிறுத்தி, ஒருவரை ஒருவர் முந்தச் சொன்னது. நாங்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டோம்."

இந்த இரண்டு வசனத்துக்கு மூன்று நாள் எடுத்தேன். இரண்டு பக்கத்துக்கும் உண்மை, யாரையும் காட்டிக் கொடுக்காது என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் பட்டேன். ஸப்ரிக்கு அனுப்பினேன். பகல் சாப்பாட்டுக்கு முன் ஹாஜியாரே கூப்பிட்டார்.

"டீச்சர், நான் சொன்ன விசயம் இதில இல்லயே."

"இருக்கு ஹாஜியார். மூணாம் பக்கம்."

தாள் புரளும் சத்தம். மூக்குக் கண்ணாடியை மாற்றியிருக்க வேண்டும். வாசித்தார்.

"இது ஹஜ்ஜுக்குப் போற ஆக்கள் சொல்ற மாதிரி ஈக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பரிமளத்தின் விரல் என் நாக்கு நுனியில் இருந்தது.

"சரி. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் பாத்துக்கிறேன் என்றால் என்ன? வாசிப்பேன் என்றா, மாற்றுவேன் என்றா? அன்று முழுக்க அந்த இரண்டு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அரிசியை இரண்டு தரம் கழுவினேன். ஸப்ரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஹாஜியார் தாள மடிச்சி சட்டப் பைக்குள்ள வச்சிட்டார் டீச்சர். பேனயும் கேட்ட" என்றான்.

9

வெள்ளிக்கிழமை நான் இரத்தோட்டைக்குப் போனேன். பரிமளம் வரச் சொல்லியிருந்தார். தனியாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.

தொலைக்காட்சியில் சபை தெரிந்தது. காலிக் கதிரைகள். ஹாஜியார் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். எடுத்து விரித்து வாசிக்கத் தொடங்கினார். அவருடைய தமிழ் அந்த இடத்தில் புதுச் சட்டை போட்ட மாதிரி இருந்தது.

"எல்கடுவன்னு சொல்றாரு" என்று பரிமளம் என் கையைப் பிடித்தார். லக்கல பஸ் வந்தபோது சிரித்தார். "அந்த பஸ்ஸு இப்ப ஓடுறதில்ல, தெரியுமா? பாதி நாளு பிரேக் டவுன்."

மூன்றாம் பக்கம் வந்தது. என் இரண்டு வசனங்களையும் வாசித்தார். நான் எழுதியபடியே, ஒரு சொல் மாறாமல். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவர் தாளை மடித்தார்.

பேச்சு முடியவில்லை. இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார், கமெராவைத்தான்.

"டீச்சர்" என்றார் பரிமளம். "நீங்க எழுதுனது முடிஞ்சிருச்சா?"

"இல்ல அக்கா. இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

பரிமளம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

"அக்கா?"

"தாளப் பாத்துப் படிச்ச வரைக்கும் அது ஒங்க பேச்சு. இனிமே அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. நமக்கென்ன அங்க வேல?"

ஹாஜியாரின் உதடுகள் அசைந்தன. நான் உதடுகளைப் படிக்கப் பார்த்தேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஒரு தடவை கையை உயர்த்தினார்; விரல்கள் எத்தனை நீண்டிருந்தன என்று பார்ப்பதற்குள் கமெரா மாறிவிட்டது. காலிக் கதிரைகளைக் காட்டினார்கள். மறுபடி அவரைக் காட்டியபோது அவர் உட்கார்ந்திருந்தார்.

பரிமளம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். "புஸ்தகம் வந்தா பிரிக்காம அப்பிடியே வச்சிருவேன்" என்றார். "பிரிக்காத புஸ்தகத்துல பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல."

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமைப் போன். வழக்கமாகத் தொழுதுவிட்டு வருவது, அன்று சபையிலிருந்து வந்தது. பரிமளம் அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து, "சொல்லுங்க நானா" என்று சொல்லியபடியே எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் சத்தமில்லாத தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். கதவுக்குப் பின்னால், ம், ம், என்பது மட்டும் கேட்டது. பிறகு அவர் வாய் விட்டு ஏதோ செய்தார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். "தேத்தண்ணி ஊத்தவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

10

அந்தப் பேச்சு யூடியூப்பில் இருக்கிறது. ஸப்ரி இணைப்பை அனுப்பியிருக்கிறான். நான் இன்னும் திறக்கவில்லை. இன்றைக்குத் திறப்பேன், நாளைக்குத் திறப்பேன் என்று தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வேட்பாளர்கள் மூன்று பேர் நிற்கிறார்கள்.

இலக்கம் ஒன்று: ஹாஜியார் தாளை மடித்த பிறகு நண்பனைப் பற்றி இரண்டு அன்பான வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போனில் வழக்கம்போல் எப்பிடி பரிமளம் என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்பார்.

இலக்கம் இரண்டு: சபையில் சொல்லிவிட்டார். போனில் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார். பரிமளம் தன் கணவரின் விரலைத் தனக்குள்ளேயே மடக்கி வைத்துக்கொண்டு, பொறுத்துக்கிட்டேன் நானா என்றார். ஹாஜியார் இலேசானார். அந்த எடை இப்போது இரத்தோட்டையில் இருக்கிறது.

இலக்கம் மூன்று: அவர் சொன்னார். இவரும் சொன்னார். கதவுக்குப் பின்னால் நான் கேட்டது, இரண்டு பேரும் சேர்ந்து அந்த இரண்டு முட்டாள்களுக்காகச் சிரித்தது.

புள்ளடி போடும் பேனையை உங்களிடம் தருகிறேன். நூலில் கட்டியிருக்கும், கையோடு கொண்டுபோக முடியாது. மூன்று பேருக்கும் போடலாம், சட்டத்தில் இடம் உண்டு. ஒன்று மட்டும் போடுங்கள் என்று வேலிக்கு மேலால் யாராவது எட்டிச் சொன்னால், யார் சொன்னது என்று கேளுங்கள். நானும் அன்று கேட்டேன். கேட்டுவிட்டு, நேரே வாக்குச்சாவடிக்குப் போய், மறைப்புக்குப் பின்னால் நின்று, நாலுக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, ஒன்பதுக்கு மேல் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி